பெயர்ப்பலகை இல்லாத கடை



"எங்கட சங்கத்துக்கும் இணையத்திலை ஒரு பக்கம் இருக்கு. ஆனால் தேடினா வருகுதில்லை. ஏன்?"

களப்பணிக்குச் செல்லும் இடங்களில் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. வாழ்வாதாரத் திட்டங்களின் கீழ் பல மாதர் சங்கங்களுக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கப்பட்டுள்ளன. திறப்பு விழா நடக்கும், படம் எடுப்பார்கள், பிறகு அந்தப் பக்கத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் நாமாகவே, காசு செலவில்லாமல், ஒரு பின்னேரத்தில் திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு காரணத்தைப் பற்றி இம்மாதம் பேசுவோம். அதுதான் பக்கத்தின் முதன்மைத் தலைப்பு.

பூநகரிப் பக்கத்தில் ஒரு சங்கம். பதினான்கு பெண்கள். மொட்டைக்கறுப்பன் நெல்லை அவித்துக் குற்றி அரிசியாக்குகிறார்கள். ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி என்பனவும் அவர்களிடம் உண்டு. பொருளின் தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் விலை, உழைப்புக்குக் கட்டுப்படியாவதில்லை. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இதே அரிசியைத் தேடித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களை எட்டத்தான் இணையப் பக்கம்.

நான் போன அன்று எல்லோரும் சூழ்ந்திருக்க, கைத்தொலைபேசியில் கூகுளைத் திறந்து "பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி" என்று தேடினோம். யார் யாருடைய பக்கங்களோ வந்தன. சங்கத்தின் பக்கம் வரவில்லை. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று தள்ளிப் பார்த்தும் இல்லை. முகவரியை எழுத்தெழுத்தாக இட்டபோது மட்டும் திறந்தது. பார்க்க வடிவான பக்கம்தான். மேலே குத்துவிளக்கும் நெற்கதிரும் போட்ட பெரிய படம். அதற்குள்ளே அலங்கார எழுத்தில் தலைப்பு. கீழே தடித்த எழுத்தில் பொருட்களின் விபரம். கண்ணால் பார்த்த எங்கள் ஒருவருக்கும் பிழை தெரியவில்லை.

பிழையைக் கண்டுபிடித்தவர் கண் தெரியாத ஒரு தங்கை.

காதால் பார்த்தவர்

அந்தச் சங்கத்தின் கணக்கைக் கணினியில் பதிபவர் அவர்தான். 2009இல் செல் விழுந்து பார்வை போனபோது அவருக்குப் பதின்மூன்று வயது. இப்போது திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் உதவியோடு கணினியில் வேலை செய்கிறார். அதன் பெயர் என்விடிஏ. பார்வையற்றவரான மைக்கேல் கரன் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கிய முயற்சி அது. தம்மைப் போன்றவர்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கத் தேவையில்லை என்பதற்காக அதை இன்றுவரை இலவசமாகவே வழங்குகிறார்கள். தமிழிலும் வாசிக்கும்.

நாம் ஒரு பக்கத்தைத் திறந்தால் கண்ணை மேலும் கீழும் ஓட்டி, வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறோம். பார்வையற்றவர் அப்படிச் செய்ய முடியாது. அவர் தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறார். விசைப்பலகையில் எச் என்ற எழுத்தை அழுத்தினால் அடுத்த தலைப்பு. 1 என்ற இலக்கத்தை அழுத்தினால் முதன்மைத் தலைப்பு. 2ஐ அழுத்தினால் அடுத்த நிலைத் தலைப்பு. திரைவாசிப்பு மென்பொருள் பயன்படுத்துவோரிடம் வெப்எய்ம் என்ற அமெரிக்க நிறுவனம் அண்மைக் காலத்தில் நடத்திய ஆய்வுகளில், நீண்ட பக்கத்தில் வேண்டியதைத் தேட முதலில் தலைப்புகளையே நாடுவதாகச் சொன்னவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்.

தங்கை சங்கத்தின் பக்கத்தைத் திறந்து எச்சை அழுத்தினார். அடுத்த தலைப்பு இல்லை என்றது கணினி. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதே பதில்.

"அக்கா, இதிலை தலைப்பே இல்லையாம்."

"மேலை பெரிசாக் கிடக்கே பிள்ளை!" என்றார் தலைவி அம்மா.

"உங்களுக்குக் கிடக்கு. எனக்கு இல்லை."

பிறகு அவர் வரி வரியாக இறங்கினார். முதலில் ஒரு படம் என்று மட்டும் சொன்னது. படத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை. அடுத்து, பொருட்களின் விபரம் வரவேண்டிய இடத்தில், தமிழுமில்லாமல் ஆங்கிலமுமில்லாமல் எழுத்துகளாக உளறியது. பாமினி எழுத்துருவில் ரைப் செய்து போட்டிருக்கிறார்கள்.

சகோதரிகளே, கூகுள் போன்ற தேடுபொறிகள் நம் பக்கத்தை வாசிப்பதும் ஏறத்தாழ இப்படித்தான். தேடுபொறியும் ஒரு கணினி நிரல்தானே. குத்துவிளக்கின் அழகும், எழுத்தின் நிறமும் அதற்கு ஒரு பொருட்டல்ல. பக்கத்தின் உள்ளே எழுத்தாக என்ன இருக்கிறது, அதில் எது தலைப்பு என்று குறிக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பார்க்கிறது. தங்கையின் காதில் விழாத தலைப்பைத் தேடுபொறியும் தலைப்பாக எடுத்துக்கொள்வது கடினம். அன்று நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: பார்வையற்ற ஒரு சகோதரி இலகுவாகப் பயன்படுத்தக்கூடிய பக்கமே தேடுபவர் கண்ணிலும் இலகுவாகப் படும்.

தலைப்பு என்பது பெரிய எழுத்து அல்ல

இணையப் பக்கங்கள் எழுதப்படும் குறிமொழியில் தலைப்புகளுக்கென்றே ஆறு படிகள் உண்டு. எச் 1 முதல் எச் 6 வரை. 1990களின் தொடக்கத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ இணையப் பக்கங்களை உருவாக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இவை இருந்து வருகின்றன. எச் 1 என்பது முதன்மைத் தலைப்பு. பக்கம் முழுவதும் எதைப் பற்றியது என்று சொல்வது அது. எச் 2 அதன் கீழ் வரும் பகுதித் தலைப்பு. எச் 3 அதற்கும் கீழே. வீடு, அறை, அலுமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறிமொழி தெரியாதே என்று யோசிக்க வேண்டாம். வேர்ட்பிரஸ் போன்ற வசதிகளில் பக்கத்தின் உச்சியில் தலைப்புக்கென ஒரு பெட்டி இருக்கும். அதில் எழுதுவதே பெரும்பாலான வடிவமைப்புகளில் எச் 1 ஆகிவிடும். உள்ளே பகுதித் தலைப்பு வேண்டுமானால் 'ஹெடிங்' என்ற தெரிவை எடுக்க வேண்டும். மைக்ரோசொப்ட் வேர்டிலும் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள்.

இங்குதான் நம்மில் பலர் தவறுகிறோம். எழுத்தைத் தெரிவு செய்து, அளவைக் கூட்டி, தடிப்பாக்கிவிட்டால் தலைப்பு என்று நினைக்கிறோம். கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கு அது பெரிதாக எழுதிய இன்னொரு வரி. சரிகைச் சேலை உடுத்தவர் எல்லோரும் மணப்பெண் ஆவதில்லை அல்லவா?

பாமினியும் படமும்

நம்மவர்களின் பக்கங்களில் விசேடமாகக் காணப்படும் இரண்டு குறைகளைத் தனியே சொல்ல வேண்டும்.

முதலாவது, தலைப்பைப் படமாகப் போடுவது. தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் சரியாகத் தெரியாத காலத்தில் இந்தப் பழக்கம் கைகொடுத்தது. இன்று அந்தத் தேவை இல்லை. படம் இருக்கட்டும், தலைப்பு எழுத்தாகத் தனியே இருக்கட்டும். படத்தைப் பற்றி ஒரு வரி விளக்கம் எழுத வசதி இருந்தால் அதையும் எழுதுங்கள்.

இரண்டாவது, பாமினி. நம் நாட்டு அச்சகங்களில் இன்றும் இதுதான் பழக்கம். ஆனால் பாமினியில் "அம்மா" என்று ரைப் செய்தால், கணினிக்குள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. அந்த எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. போர்வை நம் கண்ணுக்கு; உள்ளே இருப்பது ஆங்கிலக் குறி. ஒருவர் கூகுளில் "அம்மா" என்று ஒருங்குறியில் தேடினால் அது எப்படி அகப்படும்? தமிழுக்கு ஒருங்குறியில் 1991இன் முதற் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. பாமினியில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகளும் இணையத்தில் உண்டு.

உங்கள் பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒரு சின்னச் சோதனை. தலைப்பை விரலால் அழுத்திப் பிடியுங்கள். எழுத்தாகத் தெரிவாகாவிட்டால் அது பெரும்பாலும் படம். தெரிவானால் அதைப் பிரதி எடுத்து ஒரு வட்ஸ்அப் செய்தியில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் அது பாமினி வகை எழுத்துரு.

எங்களை எந்தப் பெயரில் அறிய வேண்டும்?

பூநகரிக்கு வருவோம். படத்தை நீக்கி உண்மையான தலைப்பு ஒன்று எழுதுவோம் என்று முடிவானது. என்ன எழுதுவது என்ற கேள்வியில்தான் அன்றைய கூட்டம் நீண்டது.

படத்துக்குள் இருந்த பழைய தலைப்பு, "யுத்த விதவைகளின் துயர் துடைப்போம்" என்பது. பக்கத்தைச் செய்து கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடு இட்ட பெயராக இருக்கலாம். அதையே எழுத்தாக மாற்றிவிடலாம், இரக்கப்பட்டாவது வாங்குவார்கள் என்று ஒருவர் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். அப்போது ஒரு மூலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா, சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நாங்கள் விக்கிறது அரிசி. புருசன் செத்த கதை இல்லை. என்ர மகன் கொம்பியூட்டர் படிக்கிறான். அவன் தேடேக்கை தாயின்ர சங்கம் எந்தப் பேரிலை வரவேணும்?"

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

சமூகவியல் படித்தபோது, ஒரு குழுவுக்கு வெளியார் இடும் பெயர் அக்குழு தன்னைப் பார்க்கும் விதத்தையே மாற்றிவிடும் என்று பரீட்சைக்காக எழுதியிருக்கிறேன். எங்கள் அறிக்கைகளில் "பெண் தலைமைத்துவக் குடும்பம்", "பயனாளி" என்றெல்லாம் எழுதுகிறோம். எந்தப் பெண்ணும் தன் வாசலில் நின்று தன்னைப் பயனாளி என்று சொல்வதில்லை. முதன்மைத் தலைப்பு என்பது நம் வாசலில் நாமே எழுதும் பெயர். அதை வேறொருவர் எழுதிவிட்டுப் போக நாம் ஏன் விட வேண்டும்?

தேடல் என்ற கோணத்தில் பார்த்தாலும் அந்த அக்கா சொன்னதே சரி. அரிசி தேவைப்படும் ஒருவர் "துயர்" என்று தேடுவாரா? "மொட்டைக்கறுப்பன் அரிசி" என்றுதான் தேடுவார். கூழ் காய்ச்ச விரும்புபவர் "ஒடியல் மா" என்று தேடுவார். தேடுபவர் வாயில் வரும் சொல்லே தலைப்பில் இருக்க வேண்டும். அன்று எழுதிய தலைப்பு இது:

"பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி, ஒடியல் மா, பனங்கட்டி: பெண்கள் சங்கத்தின் நேரடி விற்பனை"

அதன் கீழே பகுதித் தலைப்புகள்: அரிசி எப்படித் தயாராகிறது, ஒடியல் மாவும் புழுக்கொடியலும், பனங்கட்டி, விலையும் நிறையும், அனுப்பும் முறை, எங்கள் சங்கம், தொடர்புக்கு. அவர்கள் பட்ட துன்பத்தை மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது "எங்கள் சங்கம்" என்ற பகுதியில், அவர்கள் சொன்ன வார்த்தைகளில், அளவோடு இருக்கிறது.

தலைப்பு எழுதும்போது

எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்.

1. ஒரு பக்கத்துக்கு ஒரு முதன்மைத் தலைப்புப் போதும். ஒன்றுக்கு மேல் இருந்தால் கூகுள் தண்டிப்பதில்லை. எனினும் வாசிப்பவருக்கு ஒன்றே தெளிவு.

2. "வரவேற்கிறோம்", "முகப்பு", "எமது சேவைகள்" போன்றவற்றைத் தலைப்பாக இடாதீர்கள். அவை எந்தக் கடைக்கும் பொருந்தும். ஆகவே எந்தக் கடையையும் காட்டா.

3. ஊரின் பெயரையும் பொருளின் பெயரையும் சேருங்கள். "அரிசி" என்ற சொல்லோடு போட்டியிடும் பக்கங்கள் ஏராளம். "பூநகரி மொட்டைக்கறுப்பன்" என்பதற்கு அவ்வளவு இல்லை.

4. வேறு ஊர்களில் வழங்கும் பெயரை உள்ளே எழுதுங்கள். நாம் பனங்கட்டி என்பதைத் தமிழ்நாட்டில் கருப்பட்டி என்பர். குரக்கனைக் கேழ்வரகு என்பர். மொட்டைக்கறுப்பனை மொட்டைக்கருப்பன் என்று எழுதுவோரும் உண்டு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தேடுவார்கள்; அதையும் ஓரிடத்தில் எழுதிவையுங்கள்.

5. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்காதீர்கள். "ஒடியல் மா, நல்ல ஒடியல் மா, மலிவான ஒடியல் மா" என்று நிரப்புவதைத் தேடுபொறிகள் ஏமாற்றாகக் கருதும்.

6. படி தாண்டாதீர்கள். எச் 1க்குப் பிறகு எச் 2, அதன் கீழ் எச் 3. எழுத்தின் அளவு பிடிக்கவில்லை என்பதற்காக எச் 2ஐ விட்டு எச் 4க்குப் போனால், காதால் கேட்பவர் நடுவில் ஏதோ தவறிவிட்டது என்று தேடுவார்.

7. தலைப்பில் சொன்னது உள்ளே இருக்க வேண்டும். பனங்கட்டி முடிந்துவிட்டதென்றால் அதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. தேடல் முடிவுகளில் நீல எழுத்தில் வரும் வரியைக் கவனித்திருப்பீர்கள். அந்த வரிக்கு, பக்கத்தின் முதன்மைத் தலைப்பையும் எடுத்துப் பயன்படுத்துவதாக 2021 ஓகஸ்டில் கூகுள் அறிவித்தது. ஆகவே நீங்கள் எழுதும் தலைப்பே, யாரோ ஒருவர் உங்களைப் பற்றி வாசிக்கும் முதல் வரியாகவும் இருக்கலாம்.

விற்பனைக்கு மட்டுமல்ல

இந்த விடயம் தகவல் வெளியிடும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். என் போன்றவர்களே இதில் அதிகம் தவறு செய்கிறோம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், காணாமற்போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்காமலே, அவர் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழ் ஒன்றைப் பெற வழி செய்யப்பட்டது. கணவரை இறந்தவராக ஒப்புக்கொள்ள மனம் இடங்கொடுக்காத எத்தனையோ பெண்களுக்கு இது பெரிய விடயம். இதை விளக்கி நாங்கள் எழுதிய பக்கத்துக்கு நான் இட்ட தலைப்பு "சட்ட விழிப்புணர்வு: பகுதி 3". தாய் ஒருவர் மகளைக் கொண்டு பலமுறை தேடியும் அந்தப் பக்கம் கிடைக்காமல், பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்டார். "மரணச் சான்றிதழ் எடுக்காமல் வேறை துண்டு எடுக்கலாமாம், அது என்னெண்டு" என்பதே அவரது கேள்வி. அவரது சொற்களிலேயே தலைப்பை மாற்றினேன்: "காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக எடுக்கக்கூடிய சான்றிதழ்". முன்பே அப்படி எழுதியிருந்தால் அவருக்கு ஒரு நாட்கூலி மிஞ்சியிருக்கும்.

இணையப் பக்கமே இல்லாத சங்கங்களுக்கும் இதில் வேலை உண்டு. உங்கள் ஆண்டறிக்கையையும் திட்ட முன்மொழிவையும் வேர்டில் எழுதும்போது 'ஹெடிங்' வசதியைப் பயன்படுத்துங்கள். உள்ளடக்க அட்டவணையைக் கணினியே தயாரித்துத் தரும். பேஸ்புக்கில் எழுதுவோர் முதல் வரியிலேயே பொருளையும் ஊரையும் சொல்லுங்கள்.

என்ன நடந்தது?

தலைப்பை மாற்றியதும் மறுநாளே ஓடர் குவிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்காது. தேடுபொறி திரும்பி வந்து பார்க்க நாள் எடுக்கும். பக்கத்தில் உள்ள விபரம், வேறு தளங்கள் நம்மைச் சுட்டுதல், கைத்தொலைபேசியில் விரைவாகத் திறத்தல் என்று அது கவனிப்பவை பல. தலைப்பு அவற்றில் ஒன்றுதான். ஆனால் நம் கையில் உள்ள ஒன்று.

ஆறு கிழமை கழித்துத் தேடியபோது சங்கத்தின் பக்கம் முதற் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் வந்தது. அதற்கடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு. ஒரு வயதான அம்மாவுக்கு ஒடியல் கூழ் குடிக்க ஆசையாம். இரண்டு கிலோ மா அனுப்ப முடியுமா என்று மருமகள் கேட்டார். இரண்டு கிலோதான். தலைவி அம்மா அதைக் கொப்பியில் தனி வரியாக எழுதி, கீழே கோடு போட்டு வைத்திருக்கிறார். பிறகு அதே வீட்டிலிருந்து அரிசிக்கும் கேட்டிருக்கிறார்கள்.

தலைப்பு மாற்றிய அன்றே தங்கை அதைச் சோதித்துப் பார்த்தார். 1ஐ அழுத்தினார். பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி என்று தொடங்கிக் கணினி முழுவதையும் வாசித்தது. எச், எச் என்று அழுத்திக்கொண்டே போய் "எங்கள் சங்கம்" என்ற இடத்தில் நின்றார். "இப்ப சரி அக்கா" என்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் தேநீர் குடித்தோம்.

இம்மாதம் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் சங்கத்தின் பக்கத்தைத் திறந்து, தலைப்பை விரலால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பக்கம் இல்லாதவர்கள், பக்கம் இருந்தால் என்ன தலைப்பு வைப்போம் என்று அடுத்த கூட்டத்தில் கூடிப் பேசி ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள். பொருட்களைக் கைத்தொலைபேசியில் தெளிவாகப் படமெடுப்பது எப்படி என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.